அக்காவும் தம்பியும் எந்த மொழியில் விளையாடுகிறார்கள்?

வணக்கம் அக்கா,

உங்கள் கட்டுரைகளை நீண்ட நாளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 6 வயது. பாலர் பள்ளியில் கடைசி ஆண்டு, வரும் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். மகனுக்கு 4 வயது. சிங்கப்பூரில், செங்காங்கில் நான்கறை வீடு. கணவருக்குத் துவாஸில் ஷிஃப்ட் வேலை. நானும் வேலைக்குப் போகிறேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

பிள்ளைகள் இருவருக்கும் ‘புளூயி’ கார்ட்டூன் என்றால் உயிர். பார்த்து முடித்ததும் அக்கா புளூயியாகவும் தம்பி பிங்கோவாகவும் மாறி ஹால் முழுக்கத் தவழ்வார்கள். “நாய்ப் படம் பாத்துப் பாத்து நாய் மாதிரியே தவழுதுங்க, முதல்ல அத நிப்பாட்டு” என்கிறார் மாமியார். கணவருக்கு வேறு வருத்தம். “அந்த அப்பா எப்பப் பாத்தாலும் பிள்ளைங்களோட விளையாடுறாரு. நம்ம பிள்ளைங்களும் அப்படி எதிர்பார்த்தா நான் எங்க போறது” என்கிறார்.

என் கவலை மொழி. என்னிடமும் பாட்டியிடமும் தமிழில் பேசும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசுவதில்லை. மகன் முன்பெல்லாம் தமிழ்தான் பேசுவான். அக்காவோடு விளையாட ஆரம்பித்ததும் அவனும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டான். “தமிழ்ல விளையாடுங்க” என்று சொன்னால் விளையாட்டே நின்றுவிடுகிறது. என் தமிழும் ஒன்றும் சுத்தமில்லை, பாதி கலந்துதான் பேசுவேன். இந்தக் கார்ட்டூனை நிறுத்திவிட்டால் சரியாகுமா? ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம் அக்கா.

அன்புடன்,
செங்காங் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொல்லும் ஒரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. படம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போகிறார்கள். பார்த்ததை உடம்பால் செய்து பார்க்கிறார்கள். பெரியவள் ஒரு பாத்திரம், சின்னவன் ஒரு பாத்திரம் என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு வழக்கமாகக் கடிதம் வரும். உங்கள் வீட்டில் நடப்பது அதற்கு நேர்மாறு. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தவழ்கிற பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லிவிட்டுப் போகிறேன். ‘புளூயி’ ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ள லூடோ ஸ்டூடியோவில் உருவாகிறது. 2018 அக்டோபர் 1ஆம் தேதி அந்நாட்டின் பொது ஒளிபரப்பான ஏபிசியில் தொடங்கியது. புளூயி என்பது நீல ஹீலர் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் நாய்க்குட்டி. அவளுடைய தங்கை பிங்கோ, சிவப்பு ஹீலர். தொடர் தொடங்கும்போது அக்காவுக்கு 6, தங்கைக்கு 4. உங்கள் பிள்ளைகளின் வயதேதான். அப்பா பேண்டிட் தொல்பொருள் ஆய்வாளர். அம்மா சில்லிக்கு விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. குவீன்ஸ்லாந்து பாணியில், தூண்கள்மேல் உயர்ந்து நிற்கும் மரவீடு ஒன்றில் நால்வரும் வாழ்கிறார்கள். ஓர் அங்கம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு விளையாட்டு நடக்கும். அவ்வளவுதான் கதை. எழுத்து கற்றுத் தருவது, எண் கற்றுத் தருவது, கடைசியில் திரையைப் பார்த்து ‘இன்று என்ன கற்றோம்’ என்று கேட்பது எதுவும் இதில் இல்லை.

தொடரை உருவாக்கிய ஜோ பிரம் இரண்டு பெண் பிள்ளைகளின் தந்தை. தம் மகள்கள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். மூத்த மகள் பள்ளியில் சேர்ந்ததும் அவளிடமிருந்து விளையாட்டு சட்டென்று பறிபோனதைக் கண்டு வருந்தியதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சீருடை, காலையில் கொடியேற்றம், எழுத்துக்கூட்டல் என்று அவள் நாள் நிறைந்துவிடும். தம்பியோடு தரையில் உருளும் நேரம் குறையும். இப்போது கையில் இருக்கும் இந்த மாதங்களுக்கு விலை அதிகம்.

உடன்பிறப்புகளைப் பற்றி எத்தனையோ தொடர்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மூத்தது பொறுப்பாக இருக்கும், இளையது குறும்பு செய்யும், அம்மா வந்து சமாதானம் செய்வார். புளூயியில் அப்படி நிரந்தரமான வேடம் கிடையாது. முதல் அங்கத்திலேயே புளூயிக்கு ஒரு சைலஃபோன் கிடைக்கிறது. அதைத் தட்டினால் எதிரில் இருப்பவர் சிலையாக நிற்க வேண்டும். நாம் ‘ஸ்டாச்சு’ என்று விளையாடியதே அது. புளூயி தன் முறை, மறுபடி தன் முறை என்று தங்கைக்குக் கொடுக்காமலே விளையாடிக்கொண்டிருப்பாள். அக்காவாகப் பிறந்த எந்தப் பிள்ளையும் செய்வதுதான். தொடர் அவளைக் கெட்டவளாகக் காட்டாது, திட்டாது. பிங்கோவின் முகத்தை மட்டும் நமக்குக் காட்டும். ‘யோகா பால்’ என்ற அங்கத்தில் அப்பா விளையாடும் வேகம் சின்னவளுக்கு வலிக்கிறது. சொல்லத் தெரியாமல் ஒதுங்குகிறாள். அம்மா அவளுக்குச் சத்தமாக மறுப்புச் சொல்லப் பழக்குகிறாள். இளைய பிள்ளையின் குரல் வீட்டில் எப்படி அமுங்கிப்போகிறது என்பதைச் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று இவ்வளவு கவனமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். என்னுடைய பதில் இதுதான்: வீட்டில் தமிழ் நிலைப்பதும் போவதும் பிள்ளைகள் பெற்றோரிடம் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதைவிட, தங்களுக்குள் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அம்மாவிடம் பேசுவது பெரும்பாலும் தேவைக்குப் பேசுவது. பசிக்குது, தண்ணி வேணும், அவன் அடிச்சிட்டான், தூக்கம் வருது. அக்காவும் தம்பியும் பேசுவது முடிவில்லாத பேச்சு. பேரம் பேசுகிறார்கள், கட்டளை போடுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், ‘நீ இப்ப ராஜா, நான் வந்து உன்ன எழுப்புறேன்’ என்று இல்லாத உலகத்தைச் சொல்லால் கட்டுகிறார்கள். ஒரு மொழியின் ஆழமெல்லாம் அங்கேதான் பழகுகிறது. அந்த இடம் முழுவதும் ஆங்கிலமாக இருந்தால், பெற்றோரிடம் பேசும் தமிழ் ஐம்பது அறுபது வாக்கியத்தோடு நின்றுவிடும்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. குடியேறிய சமூகங்களை ஆராய்பவர்கள் பல நாடுகளில் கண்டது இதையேதான். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போய் வெளி மொழியை வீட்டுக்குள் கொண்டுவருகிறது, இளையது அதனிடமிருந்து பிடித்துக்கொள்கிறது. உங்கள் மகன் முன்பு தமிழ் பேசினான், அக்காவோடு விளையாடத் தொடங்கியதும் மாறினான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றியது கார்ட்டூன் கிடையாது தங்கை. பாலர் பள்ளியில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் விளையாடிப் பழகிய அக்காவிடம் விளையாட்டுக்கான சொற்கள் அந்த மொழியில்தான் தயாராக இருக்கின்றன. புளூயியை நிறுத்தினால் வேறெதையாவது ஆங்கிலத்தில்தான் விளையாடுவார்கள்.

சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020இல் அது 2.5 ஆனது. அதே 2020இல் ஆங்கிலத்தைச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. இந்த எண்களை நாம் ஆண்டுதோறும் மேடையில் சொல்லிக் கலங்குகிறோம். அதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவலும் உண்டு. வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்களில் 87 விழுக்காட்டினர் இன்னொரு தாய்மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். மொழி வீட்டைவிட்டுப் போய்விடவில்லை, இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி விளையாட்டுக்குள் இழுப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

“தமிழ்ல விளையாடுங்க” என்றால் விளையாட்டு ஏன் நின்றுவிடுகிறது? ‘கிரானீஸ்’ என்ற அங்கத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு முறை பாருங்கள். அக்காவும் தங்கையும் சால்வை போர்த்திக்கொண்டு ஜேனட், ரீட்டா என்ற இரண்டு பாட்டிகளாக மாறுகிறார்கள். நடுவில் ரீட்டா பாட்டியாக இருக்கும் பிங்கோ ‘ஃபிளாஸ்’ நடனம் ஆடுகிறாள், கையையும் இடுப்பையும் எதிரெதிராக வீசும் அந்த ஆட்டம். பாட்டிகளுக்கு அதெல்லாம் ஆட வராது என்கிறாள் புளூயி. வரும் என்கிறாள் பிங்கோ. சண்டை முற்றி, உண்மையான பாட்டியையே வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பாட்டிக்கு ஆட வரவில்லை. புளூயி ஜெயித்துவிட்டாள். ஆனால் பிங்கோவுக்கு மனசு விட்டுப்போகிறது, இனி விளையாட வரவில்லை என்கிறாள். புளூயி அம்மாவிடம் போய், நான் சொன்னதுதானே சரி என்று நிற்கிறாள். சில்லி அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: உனக்கு நீ சொன்னது சரி என்று ஆக வேண்டுமா, தங்கை உன்னோடு தொடர்ந்து விளையாட வேண்டுமா?

அதன்பின் புளூயி என்ன செய்கிறாள் தெரியுமா? பாட்டியை மறுபடி அழைத்து அவருக்கே அந்த ஆட்டத்தைச் சொல்லித் தருகிறாள்.

தமிழ் விஷயத்தில் நம் எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை வாயைத் திறந்து ‘நான் வந்துச்சு’ என்கிறது. உடனே மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லோரும் திருத்துகிறார்கள். ழகரம் வரவில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்லச் சொல்கிறார்கள். நாம் சொன்னது சரிதான். பிள்ளை அதோடு விளையாட்டை விட்டுப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் யாரும் நிறுத்திவைப்பதில்லை, அதனால் அங்கே போகிறது. பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில், திருத்தம் கேட்டு வாடிய முகங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயதுக்கேற்ற பிழை வயதோடு போகும். ‘ஓ, நீ வந்தியா? அப்புறம்?’ என்று சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும், பிள்ளை கேட்டுக்கொள்ளும்.

விளையாட்டு நடுவில் நீங்கள் ‘தமிழ்ல விளையாடுங்க’ என்று சொல்லும்போதும் நடப்பது அதுதான். விளையாட்டுக்கு வெளியே நின்று ஒரு கட்டளை வருகிறது. விளையாட்டு உடைகிறது. கட்டளையை விளையாட்டின் விதியாக மாற்றிப் பாருங்கள். பிள்ளைகள் அம்மா சொல்வதை மீறுவார்கள், விளையாட்டின் விதியை மீற மாட்டார்கள். ‘ஷாடோலேண்ட்ஸ்’ என்ற அங்கம் முழுக்க இதுதான் பேச்சு. நிழலில் மட்டும் கால் வைத்துப் பூங்காவைக் கடக்க வேண்டும். ஓரிடத்தில் கஷ்டமாக இருக்கிறது, விதியை மாற்றிக்கொள்ளலாம் என்று தோழி கோக்கோ கேட்கிறாள். புளூயி சம்மதிப்பதில்லை, ஏனென்றால் அந்த விதியில்தான் விளையாட்டின் ருசியே இருக்கிறது.

எனவே தமிழை விதியாக்குங்கள். எப்படி? ஒரு பாத்திரத்துக்கு ஒரு மொழி. நீங்கள் விளையாட்டுக்குள் போங்கள், ஆனால் அம்மாவாகப் போகாதீர்கள். தேக்கா ஈரச்சந்தையில் காய்கறி விற்கும் பாட்டியாகப் போங்கள். அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. சோபாவில் நாலு உருளைக்கிழங்கு, ரெண்டு கத்திரிக்காய், ஒரு பழைய பை. “வாம்மா புளூயி, என்ன வேணும்? தம்பி யாரு?” அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டால் கோபிக்கக் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. காதில் கைவைத்து “என்னம்மா சொல்ற, பாட்டிக்குப் புரியலையே” என்று விழியுங்கள். சின்னவனுக்குக் கத்திரிக்காய் வேண்டுமென்றால் அவன் வழி கண்டுபிடிப்பான். அக்கா அவனுக்கு மொழிபெயர்ப்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்: அக்கா தம்பிக்குத் தமிழ்ச் சொல் எடுத்துக் கொடுக்கும் நொடி. அது வந்துவிட்டால் நீங்கள் மெல்ல எழுந்து சமையலைப் பார்க்கப் போகலாம்.

உங்கள் வீட்டில் நிஜமான பாட்டி ஒருவர் இருக்கிறார். புளூயியும் பிங்கோவும் பாட்டியிடம் பேச வீடியோ அழைப்பு போட வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைகள் அறைக்கதவைத் தட்டினால் போதும். மாமியாரை இந்த விளையாட்டின் எதிரியாக வைக்காமல் நடுவராக வையுங்கள். ‘பாட்டிங்க எப்படி நடப்பாங்க? பாட்டிங்க கோபம் வந்தா என்ன சொல்லுவாங்க?’ என்று கேட்கப் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர் நடந்து காட்டட்டும், சொல்லிக் காட்டட்டும். கூடவே அவர் சின்ன வயதில் ஆடியதையும் கேளுங்கள். நிழலில் மட்டும் கால் வைக்கும் ஆட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நம்மிடம் கல்லா மண்ணா இருக்கிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள திறந்தவெளியான வாய்ட் டெக்கில், தூண் அடியில் உள்ள திட்டெல்லாம் கல், தரையெல்லாம் மண். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து “கல்லா, மண்ணா?” என்று கேட்டால் அந்த ஆட்டம் வேறு மொழியில் நடக்க வழியே இல்லை. சின்னவனுக்கு நண்டூருது நரியூருது, மழை நாளில் ஹாலில் கண்ணாமூச்சி. ஆட்டத்தோடு சேர்ந்தே வந்த சொற்களைப் பிள்ளைகள் மாற்றுவதில்லை.

உங்கள் தமிழ் கலப்புத் தமிழ் என்று தயங்குகிறீர்கள். தயக்கம் வேண்டாம். நம் நாட்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இல் தந்த அறிக்கையே பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் பேசுகிற மொழியைப் பள்ளி ஏற்றுக்கொண்டால்தான் அது வாழும் மொழியாகத் தொடரும் என்ற கவலையில் எழுந்த முடிவு அது. விளையாட்டுக்கு எழுத்துத்தமிழ் ஒத்துவராது. ‘நீ இப்பொழுது ஓட வேண்டும்’ என்று எந்தப் பிள்ளையும் ஓடியதில்லை. புளூயி பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்கு ஒரு காரணம், அதில் குட்டிகள் நிஜக் குழந்தைகள் பேசுவது போலவே தடுமாறி, இழுத்து, பாதியில் விட்டுப் பேசுகின்றன. குட்டிகளுக்குக் குரல் கொடுப்பது குழந்தைகள்தான். அவர்களுடைய பெயரைக்கூடத் தொடரில் வெளியிடாமல் காக்கிறார்கள். தமிழில் பிள்ளைகளுக்காக வரும் நிகழ்ச்சிகளில் பல இன்னமும் மேடைத்தமிழில் பேசுவது எனக்கு உண்மையான வேதனை. குறை பார்க்கிற பிள்ளையிடம் இல்லை. அதை வைத்து வீட்டில் விளையாட முடியாது, அதனால் திரையோடு நின்றுவிடுகிறது. நீங்கள் பேசும் தமிழில் பஸ்ஸும் லிஃப்ட்டும் இருக்கட்டும், வினைச்சொல் தமிழாக இருக்கிறதல்லவா? அது போதும் ஆரம்பத்துக்கு.

மகனின் தமிழ் போதாதே என்று நினைத்தால் ‘கேம்பிங்’ அங்கத்தைப் பாருங்கள். முகாமில் புளூயிக்கு ஜான் லூக் என்ற ஒரு பையன் கிடைக்கிறான். அவன் பேசுவது பிரெஞ்சு மட்டும். திரையில் மொழிபெயர்ப்பு ஓடாது. பார்க்கும் பிள்ளைக்கும் புளூயிக்கும் ஒரே அளவுதான் புரியும். இரண்டும் சேர்ந்து குடில் கட்டுகின்றன, செடி நடுகின்றன. மொழி வந்த பிறகுதான் விளையாட்டு என்று பிள்ளைகள் காத்திருப்பதில்லை.

உங்கள் கணவரின் வருத்தம் நியாயமானது. துவாஸில் இரவு ஷிஃப்ட் முடித்து, செங்காங்குக்குத் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வருபவரைப் பிரிஸ்பேன் வீட்டின் அப்பாவோடு ஒப்பிடக் கூடாது. அந்த வீட்டின் தோட்டமும் வராந்தாவும் வசதியும் நம்மில் பலருக்கு இல்லை, தொடர் அதைப் பற்றி அதிகம் யோசிப்பதும் இல்லை. எனக்கு அதில் உள்ள குறை அது. ஆனால் பேண்டிட்டை இன்னொரு முறை கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவனும் களைத்துப்போகிறான், தப்பிக்கப் பார்க்கிறான், பல அங்கங்களில் தரையில் கிடக்கிறான். சில்லி ஓர் அங்கத்தில், 20 நிமிடம் யாரும் என் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த அம்மாவை யாரும் குறை சொல்வதில்லை. பெற்றோர் எந்நேரமும் விளையாட வேண்டும் என்று இந்தத் தொடர் சொல்லவில்லை. ஆடுகிற அந்த ஏழு நிமிடம் முழுமையாக ஆடு என்கிறது.

களைத்து வரும் அப்பாவுக்கென்றே ஒரு விளையாட்டு அதில் இருக்கிறது. ‘ஹாஸ்பிட்டல்’ அங்கத்தில் அப்பா நோயாளி. பிங்கோ டாக்டர், புளூயி நர்ஸ். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் பூனை! நோயாளி செய்ய வேண்டியதெல்லாம் படுத்துக் கிடப்பதுதான். உங்கள் கணவர் பாயில் படுத்துக்கொண்டு “டாக்டர், வயிறு வலிக்குது” என்று தமிழில் முனகட்டும். வலிக்குதா, எங்க வலிக்குது, வாயத் திற, மூச்ச இழு, ஊசி போடவா, அழக் கூடாது. டாக்டரும் நர்ஸும் பேசும் தமிழ் முழுவதும் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். இதில் டாக்டர் இளைய பிள்ளை என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன் தமிழில் அக்காவுக்குக் கட்டளை போடும் வாய்ப்பு அவனுக்கு வேறெங்கும் கிடைக்காது.

திரை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பிடும்போது வேண்டாம், தூங்கப் போவதற்கு முந்திய ஒரு மணி நேரமும் வேண்டாம். ஏழு நிமிட அங்கம் இரண்டு பார்த்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. அடுத்த அங்கம் தானாக ஓடும் வசதியை மட்டும் அணைத்துவையுங்கள். பிள்ளை எழுந்து விளையாடப் போகிற அந்த இடைவெளியை அதுதான் தின்றுவிடுகிறது.

கடைசியாக ஒன்று. இது உங்களுக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்காக எழுதும், வரையும் நம்மவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிரிஸ்பேனின் வெயிலையும் மரவீட்டையும் அந்த ஊர்ப் பேச்சையும் கொஞ்சமும் மாற்றாமல் எடுத்த தொடர்தான் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் இணையவழி அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது இதைத்தான், பெரியவர்களுக்கான தொடர்களையும் சேர்த்து. ஊரின் வாடை இருந்தால் வெளியூர்க்காரருக்குப் புரியாது என்ற நம் பயத்துக்கு அடிப்படை இல்லை. நம் தீவில் நீர்நாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றிலும் மரினா நீர்த்தேக்கத்திலும் கூட்டமாக நீந்துகின்றன. அவற்றில் முந்திய ஈற்றுக் குட்டிகள் வளர்ந்தபின்னும் குடும்பத்தோடு இருந்து, பிறகு பிறந்த குட்டிகளை வளர்க்க உதவுகின்றன. அக்காவும் அண்ணனும் தம்பிக்கு நீந்தக் கற்றுத் தரும் குடும்பம்! சங்கப் பாடல்களில் வாளை மீன் பிடித்த நீர்நாய் இங்கே நம் புளோக்குக்குப் பக்கத்துக் கால்வாயில் மீன் பிடிக்கிறது. அதற்கு ஒரு பாட்டி, ஒரு காப்பிக்கடை, நம் பிள்ளைகள் நிஜமாகப் பேசும் தமிழ், ஏழு நிமிடம். எழுதக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். யாராவது தொடங்கினால் கதை எழுத நான் வருகிறேன், காசு வேண்டாம்.

அதுவரை உங்கள் ஹாலில் காய்கறிக் கடையைத் திறந்துவையுங்கள். முதல் வாரம் சொதப்பும். பெரியவள் வெட்கப்படுவாள், ‘இது போரிங்’ என்பாள். விடாமல் கடையைத் திறங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், குறிப்பாக மாமியார் என்ன சொன்னார் என்று.

அன்புடன்,
உங்கள் அக்கா